ஆவிகளைப் பகுத்தறிதல்

மதத்தின் பெயரால் நிகழ்ந்த ஏமாற்று ஒன்று வெளிச்சத்துக்கு வரும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவதைக் காண்கிறோம். நம்பியவர்கள் அறிவிலிகள், அவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை என்பர் ஒரு சாரார். ஏமாற்றியவன் மெய்யான விசுவாசி அல்லன், ஆதலின் அவன் செயலுக்கும் விசுவாசத்துக்கும் தொடர்பே இல்லை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் ஏமாந்தோரைப் பழிக்கின்றனர். பின்னவர் தம் சமயத்தின் மானத்தைக் காத்துக்கொள்கின்றனர். ஏமாற்று எவ்வாறு வேலை செய்தது, அதனைத் தடுத்திருக்கக் கூடியவர்கள் யாவர், அவர்கள் ஏன் தடுக்கவில்லை என்னும் கேள்விகளை இரு சாராருமே கேட்பதில்லை. அக்கேள்விகளைக் கிறித்தவ சமய வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறித்தவத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், ஏமாற்று அச்சமயத்துக்கே உரியது என்பதன்று. போலிகள் இல்லாத சமயம் உலகில் இல்லை. ஆயின், தன் நடுவே தோன்றக்கூடிய ஏமாற்றுக்காரனைப் பற்றித் தன் மூலநூல்களிலேயே திரும்பத் திரும்ப எச்சரித்த சமயம் அது. எச்சரிக்கை நூலிலே இருக்கிறது. அந்நூல் ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது. இருந்தும் ஏமாற்று வெற்றி பெறுகிறது. இம்முரண்பாடு சிந்தனைக்கு உரியது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்திலே, ஆவியானவர் அருளும் வரங்கள் வரிசைப்படுத்தப்படும் இடத்திலே, நோய் தீர்க்கும் வரத்தோடும் அற்புதம் செய்யும் வரத்தோடும் சேர்த்து இன்னொரு வரமும் சொல்லப்படுகின்றது. தமிழ் வேதாகமம் அதனை ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’ என்று மொழிபெயர்த்தது. இச்சொல் நம் கவனத்துக்குரியது. இருபதாம் நூற்றாண்டிலே ‘பகுத்தறிவு’ என்ற சொல்லைத் தமிழிலே பெரும்பாலும் சமயத்தை மறுத்தவர்களே தமது கொடியாக ஏந்தினர். சமயத்தைப் போற்றியவர்களும் அச்சொல்லை அவர்களிடமே விட்டுவிட்டு, நம்பிக்கை ஒரு புறம், பகுத்தறிவு மறுபுறம் என்ற பாகப்பிரிவினைக்கு உடன்பட்டனர். ஆனால் பவுலின் பட்டியலிலே பகுத்தறிதல் விசுவாசத்துக்குப் பகையன்று. விசுவாசத்தின் கொடைகளுள் ஒன்று. இன்று பல கூட்டங்களிலே அற்புத வரத்தையும் நோய் தீர்க்கும் வரத்தையும் உரிமை கொண்டாடுவோர் மலிந்துள்ளனர். பகுத்தறியும் வரத்தை உரிமை கொண்டாடி மேடையேறுவோர் அரியர். அந்த வரத்துக்குக் காணிக்கை சேராது என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

விவிலிய நூல்கள் இவ்விடயத்திலே சொல்வது யாது? உபாகமம் என்னும் பழைய நூல் வியப்புக்குரிய ஒரு விதியைத் தருகின்றது. ஒரு தீர்க்கதரிசி ஓர் அடையாளத்தை முன்னறிவிக்கிறான். அவ்வடையாளம் சொன்னபடியே நிறைவேறியும் விடுகிறது. ஆயினும் அவன் மக்களை வேறு தெய்வங்களின் பின்னே அழைப்பானாயின் அவனுக்குச் செவிசாய்த்தல் ஆகாது என்பதே அவ்விதி. சொன்னது பலிக்காதவன் பொய்யன் என்று அந்நூலே பிறிதோரிடத்திற் கூறுகிறது. ஆனால் பலித்துவிட்டது என்பதனாலேயே அவன் மெய்யனாகிவிடான் என்பது அதைவிட ஆழமான கருத்தாகும். புதிய ஏற்பாடும் இதனை வழிமொழிகின்றது. கள்ளத் தீர்க்கதரிசிகளும் பெரிய அற்புதங்களைச் செய்து காட்டுவர் என்று மத்தேயு சுவிசேஷத்திலே இயேசு எச்சரிக்கிறார். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டபின், அவர் சொன்னவை வேதத்தோடு ஒத்துள்ளனவா என்று நாள்தோறும் ஆராய்ந்தனர் எனவும், அதற்காக அவர்கள் நற்குணம் மிக்கவர் என மதிக்கப்பட்டனர் எனவும் அப்போஸ்தலர் நடபடிகள் தெரிவிக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுலையே ஆராயலாம் என்றால், ஆராய்தலுக்கு அப்பாற்பட்ட போதகர் எவரும் இருக்க இயலாது என்பது தெளிவு.

இவற்றினும் பழைமையான குரல் ஒன்று உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த மீகா, தம் காலத்துத் தீர்க்கதரிசிகளை நோக்கி வைத்த குற்றச்சாட்டு அவர்களது இறையியலைப் பற்றியதன்று. உணவு இடுபவனுக்குச் சமாதானம் கூறுகின்றனர், இடாதவன்மேல் போர் தொடுக்கின்றனர், காசுக்குக் குறி சொல்கின்றனர் என்பதே அவர் குற்றச்சாட்டு. போலியை இனங்காண அவர் விண்ணை நோக்கவில்லை. யார் கூலி கொடுக்கிறார், யார் பட்டினி கிடக்கிறார் என்று மண்ணையே நோக்கினார்.

ஆதிச்சபை இப்பார்வையை நடைமுறை விதியாக்கிக்கொண்டது. ‘திதாக்கே’ என வழங்கும் சிறு நூல் இதற்குச் சான்று. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை எனப்படும் இந்நூல் முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நெடுங்காலம் மறைந்திருந்த இதன் கைப்பிரதியை 1873 இல் கொன்ஸ்தாந்திநோபிளிலே பிலோத்தெயோஸ் பிரையன்னியோஸ் என்னும் கிரேக்கத் திருச்சபைத் தலைவர் கண்டெடுத்து, 1883 இல் அச்சேற்றினார். ஊரூராய்த் திரிந்த போதகரை எவ்வாறு ஏற்பது என்று இந்நூல் சிறிய சபைகளுக்கு அறிவுரை கூறுகின்றது. வருபவரை ஏற்றுக்கொள்க, அவர் ஒரு நாள் தங்கலாம், தேவையாயின் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்குவாராயின் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தை மட்டும் கொடுக்கலாம். பணம் கேட்பாராயின் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியின் ஏவுதலால் விருந்து வைக்கச் சொல்லிவிட்டு அவ்விருந்திலே தாமும் அமர்ந்து உண்பவர் போலி. கற்பிப்பதைக் கடைப்பிடிக்காதவரும் போலியே.

இவ்விதிகளைப் படிக்கும்போது நமக்கு முறுவல் தோன்றலாம். ஆனால் அவற்றின் நுட்பம் எளிதிற் கடந்து போகத் தக்கதன்று. ஆவியிலே பேசுபவனின் பேச்சைச் சோதிக்க வேண்டாம் என்றும் அந்நூல் சொல்கிறது. பேச்சைத் தீர்ப்பிடாதீர்கள், வாழ்க்கையைப் பாருங்கள் என்பதே அதன் கருத்து. பரவசம் மெய்யானதா என்று அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆனால் மூன்றாம் நாளும் ஒருவன் அதே வீட்டிலே இருந்து உண்கிறானா என்பதைச் சமையல் செய்யும் பெண் அறிவாள். மற்றொரு நுட்பமும் உண்டு. தனக்கெனப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடாதே என்று கூறும் அந்நூல், வறியவர்க்குக் கொடு என்று கேட்பவனை எவரும் குறைகூறலாகாது என்றும் சேர்த்துக் கூறுகின்றது. உழைக்காமல் கிறிஸ்துவின் பெயரை வைத்துப் பிழைப்பு நடத்துவோரைக் கிறிஸ்துவை விற்கும் வணிகர் என்ற பொருளுடைய ஒரு கிரேக்கச் சொல்லால் அது குறிக்கின்றது. அச்சொல்லுக்குத் தேவை ஏற்பட்டிருந்தது என்பதே, ஏமாற்று சமயம் தளர்ந்த காலத்தில் வந்த நோயன்று, பிறந்த காலத்திலேயே உடனிருந்த அபாயம் என்பதைக் காட்டும்.

ஊர்ச்சபையின் கண்ணெதிரே நடந்த கொடுக்கல் வாங்கல் பெரும் நிறுவனத்தின் கணக்கேடாக மாறியபோது இக்காவல் தளர்ந்தது. 1517 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. ஜேர்மனியிலே யோஹான் தெற்சல் என்னும் தொமினிக்கன் துறவி பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்றார். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கே அப்பணம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. மைன்ஸ் நகர்ப் பேராயர் அல்பிரெக்ட் தம் பதவியைப் பெறுதற்குப் பூகர் வங்கிக் குடும்பத்திடம் கடன் பட்டிருந்தார் என்பதும், வசூலிற் பாதி அக்கடனை அடைக்கச் சென்றது என்பதும் சொல்லப்படவில்லை. சீட்டை வாங்கியவர்கள் பேராசைக்காரர் அல்லர். இறந்துபோன தாய் தந்தையர் உத்தரிக்கும் தலத்திலே வேதனைப்படுகிறார்கள் என்ற துயரமே அவர்களை அங்கு அழைத்துச் சென்றது. அன்பே விலைபேசப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் மார்ட்டின் லூதர் முன்வைத்த தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள், ஏழைக்கு ஈவது சீட்டு வாங்குவதினும் நன்று என்பதும் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையும் பின்னர் இவ்வாணிகத்தை உணர்ந்து நீக்கியது. திரெந்து சங்கம் 1562 இல் இவ்வசூலிப்போர் பதவியை ஒழித்தது. 1567 இல் ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு தொடர்புற்ற பாவமன்னிப்புகளை இரத்துச் செய்தார். எனினும், பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை சபையாரிடமிருந்து பறிபோனால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நிலையான எடுத்துக்காட்டாகும்.

பணத்துக்கு அடுத்ததாக ஏமாற்றின் கருவியாவது அற்புதம். அமெரிக்காவிலே பீற்றர் பொப்பொவ் என்னும் தொலைக்காட்சிப் பிரசங்கியார் 1980களிலே பெரும் புகழ் பெற்றிருந்தார். முன்பின் அறியாத மனிதரை கூட்டத்தில் பெயர் சொல்லி அழைப்பார், அவரது நோயைக் கூறுவார், முகவரியையும் கூறுவார். கடவுளே தமக்கு வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கூற்று. 1986 இல் ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக் கலைஞரும் அவர் துணைவர்களும் ஒரு வானொலிக் கருவியோடு கூட்டத்துக்குச் சென்று, 39.17 மெகாஹேட்ஸ் அலையிலே ஒரு குரலைப் பிடித்துப் பதிவு செய்தனர். கூட்டத்தினர் முன்னரே எழுதிக் கொடுத்த செபச் சீட்டுகளிலிருந்த விவரங்களைப் பிரசங்கியாரின் மனைவி அவரது காதிலிருந்த சிறு கருவிக்கு ஓதிக்கொண்டிருந்தார். அப்பதிவு நாடறிய ஒளிபரப்பாயிற்று. 1987 இல் பொப்பொவ் கடனிறுக்க இயலாதவராகத் தம்மை அறிவித்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நாம் கற்க வேண்டியது குறைவே. சில ஆண்டுகளின் பின்னர் அவர் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றினார். புதிய கூட்டம் சேர்ந்தது. இம்முறை நோய் மட்டுமன்றிக் கடனும் நீங்கும் என்ற வாக்குறுதி சேர்ந்துகொண்டது. தந்திரம் அம்பலமான பின்னும் சந்தை அழியவில்லை. ஏனெனில் சந்தையை உருவாக்கியது தந்திரம் அன்று, தேவை. மருத்துவச் செலவைத் தாங்க முடியாதவனும் கடனில் மூழ்கியவனும் இருக்கும்வரை அவர்களுக்கு நம்பிக்கையை விற்பவன் வந்துகொண்டே இருப்பான்.

நம் நாட்டிலும் இவ்வகை அம்பலப்படுத்தலுக்கு ஒரு மரபு உண்டு. கேரளத்துத் திருவல்லாவிலே மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஏபிரகாம் கோவூர், கண்கட்டு வித்தைக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தையேனும் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவல் விடுத்தார். 1978 இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை. இப்பணியின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மை ஆகும். ஆயினும் அதற்கொரு எல்லையும் உண்டு. வித்தையை வித்தை என்று காட்டுவது, அவ்வித்தைக்காரனிடம் ஒரு தாய் ஏன் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பதை விளக்காது. உபாகமத்தின் விதியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அற்புதம் பொய்யென நிரூபித்தால் மட்டுமே நாம் தப்புவோம் என்று எண்ணுவோமாயின், நிரூபிக்க இயலாத அற்புதத்தோடு வருபவனிடம் நாம் அகப்படுவது உறுதி.

இதுவரை கண்ட போலிகள் பணத்தை நாடியவர்கள். தனக்கெனச் சேர்க்காமல், ஏழைக்கு உணவிட்டு, நீதிக்காகப் போராடுபவன் போல வருபவனை எதனைக் கொண்டு அறிவது? சமூக அக்கறையுடையோர் இக்கேள்வியைத் தவிர்த்தல் ஆகாது. ஏனெனில் அவர்களை ஏமாற்ற வருபவன் அந்த வேடத்திலேயே வருவான்.

ஜிம் ஜோன்ஸ் 1950களிலே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தம் சபையைத் தொடங்கினார். நிறவேற்றுமை கொடிகட்டிப் பறந்த காலத்திலே அச்சபையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். பசித்தோருக்கு அங்கே இலவச உணவு அளிக்கப்பட்டது. 1961 இல் அந்நகரின் மனித உரிமை ஆணைக்குழுவின் இயக்குநர் பதவி அவருக்குக் கிடைத்தது. பின்னர் கலிபோர்ணியாவுக்கு இடம்பெயர்ந்த அச்சபையிலே, நிறவெறியால் நொந்த கறுப்பின மக்களும் நீதியுள்ள சமுதாயத்தை அவாவிய இளைஞரும் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். மீகாவின் உரைகல்லில் உரைத்தால் இச்சபை அன்று பொன்னாகவே தோன்றியிருக்கும். ஆனால் உள்ளே வேறொன்று வளர்ந்தது. புற்றுநோயை நீக்குவதாகப் போலி அற்புதங்கள் அரங்கேறின. உறுப்பினர் தம் சம்பளத்தையும் வீட்டையும் ஒப்படைத்தனர். தலைவரை வினாவியோர் கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தப்பட்டனர், அடிக்கவும்பட்டனர். 1977 இல் விலகியோரின் வாக்குமூலங்கள் சஞ்சிகையொன்றில் வெளிவரவே, ஜோன்ஸ் தென் அமெரிக்காவின் கயானாக் காட்டில் அமைந்த குடியேற்றத்துக்குச் சென்றார். அங்கே கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன, கடவுச்சீட்டுகள் பறித்துவைக்கப்பட்டன, ஆயுதம் தாங்கியோர் காவல் நின்றனர்.

1978 நவம்பர் 18 ஆம் நாள், விசாரிக்கச் சென்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரையனும் மேலும் நால்வரும் விமானத் தளத்திலே சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று மாலை குடியேற்றத்தில் மட்டும் 909 பேர், பெரும்பாலும் நஞ்சினால், மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர். இறுதிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு எஞ்சியுள்ளது. அதிலே கிறிஸ்டீன் மில்லர் என்னும் பெண் ஒருவர் மட்டும் எழுந்து வாதிடுவது கேட்கிறது. குழந்தைகள் வாழவேண்டியவர்கள் என்கிறார். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்கிறார். அவர் குரலை அமிழ்த்தியது ஜோன்சின் குரல் மட்டுமன்று. உடனிருந்த கூட்டத்தின் கூச்சலுமாகும். மில்லரும் அன்றே மாண்டார்.

இந்நிகழ்ச்சி ஆதிச்சபையின் விதிகளோடு மேலும் இரண்டைச் சேர்க்கின்றது. ஒன்று, இச்சபையில் கேள்வி கேட்கலாமா? மற்றையது, இங்கிருந்து அச்சமின்றி வெளியேறலாமா? பசித்தோருக்கு உணவிடும் கையே கதவையும் பூட்டுமாயின், அவ்வுணவு தூண்டிலிற் கோத்த இரையே. ஏமாற்று முற்றும்போது அதனைக் காவல் செய்வது ஏமாற்றுக்காரன் ஒருவனே அல்லன் என்பதும் இங்கே தெளிவாகின்றது. ஐயத்தைப் பாவம் என்று கருதப் பழகிய ஒரு கூட்டம் தன் நடுவே எஞ்சியுள்ள ஒரே பகுத்தறியும் குரலைத் தானே அடக்கிவிடுகின்றது. இது பழங்கதையுமன்று. 2023 இல் கென்யாவின் ஷாக்காஹோலாக் காட்டிலே, பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைக் காணலாம் என்ற போதனைக்கு ஆளானோர் என்று கருதப்படும் 400 க்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன.

காட்டிலே ஒதுங்கிய சிறு கூட்டங்களுக்கே இவ்வபாயம் உரியது, பழைமையும் கல்வியும் வாய்ந்த திருச்சபைகளுக்கு இது இல்லை என்று எண்ணுதலும் தவறு. 1933 ஆம் ஆண்டின் ஜேர்மனியை நோக்குவோம். அங்கே காதுக்கருவியும் இல்லை. போலி அற்புதமும் இல்லை. பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்ற போதகர்கள் இருந்தனர். நூற்றாண்டுகள் பழைமையான ஆலயங்கள் இருந்தன. அவ்வாண்டு யூலையிலே நடந்த சபைத் தேர்தலில், ஹிட்லரின் கொள்கையைக் கிறித்தவத்தோடு இணைத்த ‘ஜேர்மன் கிறித்தவர்’ இயக்கம் பெருவெற்றி ஈட்டியது. செப்டெம்பரிலே பிரஷ்யத் திருச்சபை, யூத வம்சாவழியினர் போதகராயிருத்தலைத் தடுக்கும் விதியை ஏற்றது. நவம்பரிலே பெர்லின் விளையாட்டரங்கில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் முன்னிலையிலே, பழைய ஏற்பாட்டையே ஒதுக்கிவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

இவ்வேமாற்று எவரிடமும் காணிக்கை கேட்கவில்லை. தோல்வியாலும் வேலையின்மையாலும் நொந்திருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பெருமையை அது தடவிக்கொடுத்தது; நீங்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள், உங்கள் துன்பத்துக்கு அயலவனே காரணம் என்றது. எதிர்த்தோரும் இருந்தனர். 1934 மே மாத இறுதியிலே பார்மன் நகரில் கூடியோர், பெரும்பாலும் கார்ள் பார்த் வரைந்த ஓர் அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்கு அரசுத் தலைவன் ஆண்டவனாக முடியாது என்று மறுத்துரைத்தனர். துணிவான செயலே அது. எனினும் அவ்வறிக்கை யூதர் மீதான கொடுமையைப் பற்றிப் பேசவில்லை. அக்குறையைப் பார்த் தமது முதுமையிலே ஒப்புக்கொண்டு வருந்தினார். தொடக்கத்திலேயே, 1933 ஏப்ரலிலேயே, யூதர் பிரச்சினையில் திருச்சபையின் கடமையை எழுதிய டீற்றிச் பொன்ஹோபர் 1945 ஏப்ரல் 9 ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தன் வீட்டுக்குள் நுழையும் பொய்யை மட்டும் காவல் காத்து, அயலவன் வீட்டுக்குத் தீயிடும் பொய்யைக் காணாதிருப்பது அரைப் பகுத்தறிதலே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இங்ஙனம் நோக்குமிடத்து நான்கு வினாக்கள் திரள்கின்றன. கேட்கப்படும் பொருள் யாருக்குச் செல்கின்றது? கேள்விக்கு இடம் உண்டா? வெளியேற வழி உண்டா? அயலவனை நேசிக்கவா, வெறுக்கவா கற்பிக்கப்படுகிறோம்? இவற்றுள் ஒன்றிலே தேறியவன் மற்றையவற்றில் தோற்கலாம். தெற்சல் முதலாவதில் தோற்றார். ஜோன்ஸ் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்றார். ஜேர்மன் கிறித்தவர் நான்காவதில் தோற்றனர். இவ்வினாக்களுக்கு விடை காண எபிரேயமும் கிரேக்கமும் கற்றிருத்தல் வேண்டியதில்லை. கூலித் தொழிலாளியும் மீனவனும் தையற்காரியும் விடை காணலாம். பகுத்தறிதல் வரமாக அருளப்பட்டது கொரிந்துவின் பேரறிஞர்க்கன்று. அச்சபையிலே கல்வியிலும் செல்வத்திலும் சிறந்தோர் பலர் இல்லை என்று பவுலே குறிப்பிடுகிறார்.

இவ்வாறாயின் மக்கள் ஏன் வினாவுவதில்லை? வினாவுவதற்கு விலை உண்டு என்பதே விடை. வைத்தியர் கைவிட்ட நோயாளிக்குப் போதகர் ஒருவரே எஞ்சியிருக்கிறார். வேலை தேடி ஊர்விட்டு நகருக்கு வந்தவனுக்குச் செபக் கூட்டமே உறவு. துக்கத்திலும் சுகவீனத்திலும் வீடுதேடி வருபவர்கள் அவர்களே. அங்கே ஒரு கேள்வியைக் கேட்பவன் ஒரு கருத்தை மட்டும் இழப்பதில்லை. உறவையும் ஆறுதலையும் சேர்த்தே இழக்கிறான். ஆதலின் வெளியே நின்று, நீ ஏன் கேட்கவில்லை என்று அவனைப் பழிப்பது எளிது. அவன் கேட்டபின் போய்நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டியது. பழைமையான திருச்சபைகள் ஏழையின் வீட்டுக்குச் செல்லாமல் விட்ட இடங்களிலேயே புதிய தீர்க்கதரிசிகள் கூடாரம் அடிக்கின்றனர். அவர்களைக் கண்டித்து அறிக்கை விடுவதற்கு முன்னர், தாம் எத்தனை வீடுகளின் படி ஏறவில்லை என்று அத்திருச்சபைகள் எண்ணிப் பார்த்தல் நலம்.

அரசு சட்டத்தால் இதனைத் தடுக்கட்டுமே என்போரும் உளர். மோசடியையும் துன்புறுத்தலையும் மருத்துவத்தைத் தடுத்து உயிர்போக்கலையும் தண்டிப்பது அரசின் கடமை. அதிலே சமய உடை எவரையும் காத்தல் ஆகாது. ஆனால் எது மெய்யான விசுவாசம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால் என்ன நேரும் என்பதை 1933 காட்டியது. 2004 இல் இலங்கையிலே மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. வறுமையைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்பவன் பழிக்கத்தக்கவனே. ஆயின் ஏழையின் மனச்சாட்சிக்குக் காவலர் நிலையத்தில் பதிவு வைப்பது அவனை இரண்டாம் முறை சிறுமைப்படுத்துவதாகும்.

எனவே கடமை மீண்டும் சபையாரிடமே வந்து சேர்கின்றது. காணிக்கைக் கணக்கைச் சபையார் முன் வைக்கும்படி கேட்டல், போதகரைத் திருத்தவும் நீக்கவும் வல்ல குழுவை அமைத்தல், செபத்தையும் மருந்தையும் ஒன்றற்கொன்று பகையாக்குவோரை மறுத்தல், விலகிச் செல்வோரைச் சபிக்காமல் வழியனுப்புதல், பாதிக்கப்பட்டவர் வாய்திறக்கும்போது சபையின் மானம் கருதி அவரை அடக்காமை ஆகியன பெரும் வீரச் செயல்கள் அல்ல. ஆனால் இவை நடைபெறும் இடத்திலே கள்ளத் தீர்க்கதரிசி நெடுநாள் தங்கான். திதாக்கே கூறிய மூன்று நாளுக்குள் அவனே வேறிடம் தேடிப் போவான்.

சோதித்தல் அவிசுவாசம் என்று கற்பிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தாம் நம்பும் பொருள் மெய்யானது என்ற உறுதி உடையவனே அதனைச் சோதிக்க அஞ்சான். சோதனையைத் தடுப்பவன் தன் கையிலிருப்பது கள்ளநாணயம் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறான். விசுவாசிகள் இதனை உணர்ந்து பகுத்தறியும் வரத்தைத் தமது உரிமையாக மீட்டெடுப்பாராயின், சமயத்துக்கு வெளியே நிற்கும் முற்போக்காளருக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிதும் குறையும். நம்பினாலும் நம்பாவிட்டாலும், நோயுற்ற குழந்தையோடு நிற்கும் தாய்க்கு மருந்தும் உண்மையும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பதிலே இரு திறத்தாரும் ஒன்றுபடலாம், ஒன்றுபடுதல் வேண்டும்.